கடல் மீனுக்கு ஒரு காவல் தொட்டி

கல்கத்தாவின் பாலிகஞ்ச் நிலையத்தை விட்டுத் தெற்கே போகும் புறநகர் ரயில் அடுத்தபடியாக நிற்கும் இடம் டாக்குரியா. அவ்வூரின் பெயரால் நெடுங்காலம் வழங்கி, 1958-ஆம் ஆண்டில் ரவீந்திர சரோவரம் என்று நாமகரணம் மாற்றப்பெற்ற ஏரியை, கரையில் மாலைக்காற்று வாங்க வருவோர் பலரும் இயற்கையின் கொடை என்றே கருதுவர். உண்மையில் அது மனிதர் வெட்டிய நீர்நிலை. 1912-இல் பணி தொடங்கிய கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், சதுப்பும் புதருமாய்க் கிடந்த ஏறக்குறைய 192 ஏக்கர் நிலத்தை 1920-களின் தொடக்கத்தில் கைக்கொண்டு, மண்ணை வெட்டிச் சுற்றுப்புறத்துத் தாழ்நிலங்களை மேடாக்கி, வெட்டிய பள்ளத்தில் நீரைத் தேக்கியதனால் உண்டானது. உத்தியோகம் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறி, காபித்தூள் கடையும் கோயிலும் சங்கீத சபையுமாக ஒரு சிறு தென்னாட்டை அமைத்துக்கொண்டது இந்த ஏரிக்கு அருகேதான்.

ஏரி வெட்டப்பட்ட அதே காலத்தில், இவ்விடத்துக்குக் கிழக்கே சில மைல் தொலைவில், கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. சமுத்திரத்தின் ஓதம் வித்யாதரி ஆற்றின் வழியே ஏறி வந்து நகரத்தின் கிழக்கெல்லை உப்பேரிகளை நிரப்பிய காலம் போய், வண்டல் படிந்து தூர்ந்த அவ்வாற்றை இறந்த ஆறென்று 1928-இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. பின்னர் அவ்வேரிகளில் நகரத்துச் சாக்கடை நீர் பாய்ந்து, உவர்நீர் மீன்கள் திரிந்த இடங்களில் ரோகுவும் கட்லாவும் மிர்காலும் வளரலாயின. இவ்வாறு விடைபெற்றுச் சென்ற உப்புநீர், இப்போது பொட்டலத்தில் வரும் செயற்கைக் கடலுப்பின் வடிவில் தென் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்து, அடுக்குமாடி வீட்டுக் கூடங்களில் கண்ணாடித் தொட்டிக்குள் அமர்ந்திருக்கிறது. திகாவிலும் பக்காலியிலும் உள்ள கடற்கரை நீர் ஹூக்ளியின் கலங்கலைச் சுமந்திருப்பதால், பவளப்பாறை மீன் வளர்ப்போர் குழாய்த் தண்ணீரைச் சுத்தி செய்து அதில் உப்பைக் கரைத்துத் தம் சமுத்திரத்தைத் தாமே சிருஷ்டித்துக்கொள்கின்றனர்.

அந்தச் சமுத்திரத்தில் ஒரு கோமாளி மீனையோ நீலச் சர்ஜன் மீனையோ வாங்கி வந்து நேரே விடுகிறவர் பலர், ஒரு வாரத்திற்குள் அதன் உடம்பெங்கும் ரவையைத் தூவினாற்போன்ற வெண்புள்ளிகளைக் காண்கிறார்கள். மீன் விரைந்து விரைந்து மூச்சு வாங்கும், பாறையில் உடம்பைத் தேய்க்கும், இரையைத் தொடாது. கடைக்காரர் ஒரு சீசா மருந்து கொடுப்பார். அது சில சமயம் பலிக்கும், பல சமயம் பலிக்காது. மீன் ஒட்டுண்ணிகளுக்கான சிகிச்சையின் சரித்திரத்தைப் படித்துப் பார்க்குமிடத்து, புது மருந்துகளைக் கண்டவர்களைக் காட்டிலும், ஒட்டுண்ணி மீனை விட்டு எப்போது நீங்குகிறது, எங்கே தங்குகிறது, எத்தனை நாள் கழித்து மீள்கிறது என்று பொறுத்திருந்து பார்த்தவர்களே இத்துறையில் பெருங்காரியம் செய்தவர்கள் என்பது என் முடிவு. வங்காளத்துக் குளக்கரைகளில் அந்த ஞானம் முன்பே ஓரளவு இருந்தது. கல்கத்தாவின் விஞ்ஞானமும் வியாபாரமும்தாம் அதைப் பெரிதாகப் போற்றவில்லை.

வங்காளத்தின் மீன் வளர்ப்பு மீன்குஞ்சு வியாபாரத்தில் தொடங்குகிறது. பெருங்கெண்டை இனங்கள் தேங்கிய குளத்தில் இனப்பெருக்கம் செய்வதில்லை. ஆகவே மழைக்காலத்தில் கங்கையும் பத்மாவும் பெருகும்போது, வெள்ளத்தோடு வரும் நுண்குஞ்சுகளைப் புனல் வடிவான வலைகளில் பிடித்து, ஹாண்டி என்னும் மண்பானைகளில் இட்டு, ரயிலேற்றி ஊரூராகக் கொண்டுபோய் விற்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஜீவனோபாயம். பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் வழி நெடுகிலும் அதை ஆட்டிக்கொண்டே வருவான், நீரில் காற்றுக் கலக்க வேண்டுமென்பதற்காக. நீர் கெடாதிருக்கச் செம்மண்ணையும் சிறிது தூவுவான். இவற்றைவிட முக்கியமான வழக்கம் ஒன்றுண்டு. பயணத்திற்கு முன் குஞ்சுகளைத் துணியாலான தொட்டில்களில், நெருக்கமாக, இரை போடாமல் சிறிது காலம் வைத்திருப்பார்கள். குடல் காலியாகும், பலவீனமானவை அங்கேயே செத்து ஒதுங்கும், பிழைத்தவையே பானைக்குப் போகும். இதைத் தனிக்காவல் என்று யாரும் அழைத்ததில்லை. ஆயினும் புதிய மீனை ஓர் இடைநிலையில் நிறுத்திப் பார்த்து அனுப்பும் முறைக்கு இதனினும் எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குளத்துக்கு வந்து சேர்ந்த மீனுக்குப் பெருந்தொல்லை தந்த ஒட்டுண்ணி, நாம் மீன் பேன் என்றும் வங்காளிகள் மாச்சேர் உகுன் என்றும் சொல்லும் ஆர்குலஸ். தட்டையான, கண்ணாடி போலத் தெளிந்த உடம்பும், உறிஞ்சு குழிகள் இரண்டும், குத்தும் முள் ஒன்றும் உடைய இந்தச் சிறு பிராணி, நண்டு இறால்களின் உறவினம். மீனின் தோலைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். குத்திய இடம் புண்ணாகி, அப்புண்ணின் வழியே வேறு நோய்கள் நுழையும். ஆனால் முட்டையிடும் காலத்தில் பெண் பேன் மீனை விட்டு நீங்கி, நீருக்குள் கெட்டியான ஏதேனும் ஒரு பரப்பைத் தேடிப் போய், அங்கே வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிவைக்கிறது. குளக்காரர் செய்தது இவ்வளவே: மூங்கில் கழிகளையும் பலகைகளையும் குளத்தில் நட்டுவைத்து, சில நாளுக்கொரு முறை பிடுங்கி வெயிலில் காயப்போட்டார். முட்டைகள் உலர்ந்து மாண்டன. கோடையில் குளத்தை வற்றவைத்துச் சுண்ணாம்பு தூவுவதும் இந்த யுக்தியைச் சேர்ந்ததே. மீனின் மேலிருக்கும் பேனை அவர் தொடவில்லை. அது மீனை விட்டு விலகும் வேளையைக் கண்டு அங்கே காத்திருந்தார்.

அரசாங்கம் மீன்களைக் கவனிக்கத் தொடங்கியது சற்றுப் பிந்தித்தான். ஸர் கிருஷ்ண கோவிந்த குப்தா, வங்காளத்து மீன்பிடிப்பையும் ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய தேசங்களின் முறைகளையும் நேரில் ஆராய்ந்து தம் அறிக்கையை 1908-இல் வெளியிட்டார். அதனையொட்டி மீன்துறை உருப்பெற்றது. அத்துறைக்கு வந்து சேர்ந்த விஞ்ஞானிகளில் தாமஸ் சவுத்வெல் நமக்கு விசேஷமானவர். சௌரங்கியிலுள்ள இந்தியன் மியூசியத்தில் வங்காள மீன்துறையின் ஆய்வுக்கூடத்தை வைத்துக்கொண்டு, 1910-களில் அவரும், பின்னர் பைனி பிரசாத்தும் எழுதிய குறிப்புகள் அம்மியூசியத்தின் ஆராய்ச்சி ஏடுகளில் தொடராக வெளிவந்தன. அவற்றில் கணிசமான பகுதி இந்திய மீன்களின் ஒட்டுண்ணிகளைப் பற்றியது. சவுத்வெல் கல்கத்தாவுக்கு வந்தது இலங்கையிலிருந்து. ஒட்டுண்ணிகளின்பால் அவருக்கு இத்துணை ஈடுபாடு உண்டானதற்குத் தமிழ்க் கடலின் முத்தே காரணம்.

மன்னார் வளைகுடாவின் முத்துச்சலாபத்தைப் பற்றித் தமிழ் வாசகருக்கு அறிமுகம் வேண்டுவதில்லை. தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மரிச்சுக்கட்டிக் கரையில் கூடி முத்துக் குளித்த அந்தத் தொழில் ஆண்டுக்காண்டு நிச்சயமற்றதாயிருந்தமையால், காரணம் காணும்படி லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-இல் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். உதவிக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னல் இங்கேயே தங்கிப் பின்னாளில் சென்னை மீன்துறையின் தலைவரானார். இவ்விருவரும் முத்துக்களைக் கரைத்து உள்ளே நோக்கியபோது, நாடாப்புழுவின் சின்னஞ்சிறு குடம்பியைக் கருவாகக் கண்டதாகச் சொன்னார்கள். சிப்பிக்குள் புகுந்த ஒட்டுண்ணியைச் சிப்பி முத்தாகச் சுற்றி மூடுகிறது. அச்சிப்பியைத் தின்னும் திருக்கையின் குடலில் புழு முழு வளர்ச்சி அடைகிறது. ஆகவே திருக்கை இல்லையேல் நல்முத்தும் இல்லை என்பது அவர்கள் கொள்கை. 1906-இல் ஒரு கம்பெனி இலங்கை முத்துப்படுகைகளை அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்தது. அக்கம்பெனிக்கு விஞ்ஞான ஆலோசகராயிருந்தவர் சவுத்வெல்.

1907-க்குப் பின் படுகைகளில் சிப்பியே அற்றுப்போயிற்று. கம்பெனி சில ஆண்டுகளில் முறிந்தது. புழுக் கொள்கையையும் பின்வந்த அறிஞர்கள் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் சவுத்வெல்லிடம் ஒன்று மிஞ்சிற்று. ஓர் ஒட்டுண்ணியின் வாழ்க்கை ஒரே உடம்பில் முடிவதன்று, அது வீடு மாறி வீடு மாறி நடப்பது என்ற பார்வையே அது. அந்தப் பார்வையுடன் கல்கத்தாவுக்கு வந்து, பிறகு லிவர்ப்பூலுக்குச் சென்று, பிரிட்டிஷ் இந்தியாவின் ஜீவராசிகளைப் பற்றிய பெருந்தொகுதி வரிசையில் நாடாப்புழுக்களுக்கென்றே இரண்டு பாகங்களை 1930-இல் அவர் வெளியிட்டார். நஷ்டப்பட்டுப்போன ஒரு தமிழ்க்கடல் வியாபாரம் வங்காளத்து மீன் வைத்தியத்துக்கு முதலாயிற்று என்று இதைச் சொல்வது மிகையாகாது.

எனினும் கல்கத்தா விஞ்ஞானம் அக்காலத்தில் செய்தது பெரும்பாலும் பெயர் சூட்டும் வேலை. 1951-இல் ராமகிருஷ்ணா என்பவர் இந்திய மீன் பேன்களை வகைப்படுத்தி, ஆர்குலஸ் பெங்காலென்ஸிஸ் என்ற புதிய இனத்துக்கு வங்காளத்தின் பெயரையே அளித்தார். இவ்வேலை அவசியமானது, எந்தப் பகைவனோடு போரிடுகிறோம் என்று தெரியாமல் மருந்திடுவது வீண். ஆனால் குளக்காரர் கையில் அதனால் ஒன்றும் வந்து சேரவில்லை. அவர் கையில் வந்து சேர்ந்தது காமெக்ஸேன். பயிர்ப் பூச்சிகளைக் கொல்ல அந்நாளில் எங்கும் தூவப்பட்ட அந்த ரசாயனத்தை மீன் பேனுக்கும் மீன் அட்டைக்கும் மருந்தாக்கலாமென்று சாகா, சென் என்ற இருவர் 1955-இல் எழுதினர். பேன் செத்தது, குஞ்சு மீன் தின்னும் நீர்ப்பூச்சிகளும் உடன் சாகக்கூடியவை, சேற்றிலும் மீனின் கொழுப்பிலும் நஞ்சு தங்கவும் கூடியது. 1997-இல் அந்த ரசாயனம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மூங்கில் கழியை யாரும் தடை செய்ய வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் 1957 ஜூலை 10-ஆம் தேதி, ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சவுதுரியும் அலிகுன்ஹியும் ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிடச் செய்து காட்டவே, ஆற்றை நம்பியிருந்த குஞ்சு வியாபாரம் பொரிப்பகத்துக்கு மாறி, வங்காளத்துக் குஞ்சுகள் பாரத தேசமெங்கும் போகலாயின. பேனும் கூடவே போயிருக்கும்.

கடல் மீனின் கதை வேறு கரையில் தொடங்குகிறது. தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய ஏழு தொகுதிகளால் நமக்குப் பரிச்சயமான எட்கர் தர்ஸ்டன், சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்தபோது மெரினாவில் அமைக்க முயன்ற மீன் காட்சிசாலை 1909-இல் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. 1919-இல் அது மீன்துறையின் பொறுப்புக்கு வந்தது. கட்டுமரக்காரர் பிடித்த பலவண்ண மீன்களை அங்கே பார்த்த தலைமுறை இன்றில்லை. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அக்காட்சிசாலை மூடப்பட்டுப் போயிற்று. அதற்கு ஒரு பெரும் சௌகரியம் இருந்தது. கடல் எதிரிலேயே இருந்தமையால் புது நீருக்குப் பஞ்சமில்லை. விசாலமான சமுத்திரத்தில் ஓர் ஒட்டுண்ணியின் சந்ததி நூறாயிரமாகப் பிறந்தாலும், அவற்றில் மீண்டும் ஒரு மீனைக் கண்டு பற்றுவது மிகச் சிலவே. மற்றவை நீரின் விஸ்தாரத்தில் அலைந்து அழிந்துவிடும். ஆகையால் கடலில் திரியும் மீனில் ஒட்டுண்ணி இருப்பதும் மீன் சுகமாக இருப்பதும் ஒருங்கே நடக்கின்றன.

கடலை விட்டுத் தூரத்தில், ஒரே நீரை வடித்து வடித்துச் சுழலவிட்ட காட்சிசாலைகளில்தான் அந்தச் சமநிலை குலைந்தது. லண்டன் மிருகக்காட்சிசாலையின் மீனகத்தில் செத்த கடல் மீன்களின் செவுள்களை ஆராய்ந்த பிரவுன் என்பவர், அங்கே ஒட்டியிருந்த நுண்ணுயிரை 1931-இல் வருணித்தார். இன்று அமைலோடினியம் என்று பெயர் பெற்றிருக்கும் அதை, மீனின் மேல் பொன்தூள் படிந்தாற்போலத் தோன்றுவதால் வெல்வெட் நோய் என்று மீன் வளர்ப்போர் வழங்குகின்றனர். வெண்புள்ளியைக் காட்டிலும் வேகமாகக் கொல்வது அது. வெண்புள்ளி நோயை விளைப்பதை ஜப்பானில் சிகாமா 1937-இல் கண்டெழுதினார். 1951-இல் அதே பிரவுன் அதற்கு கிரிப்டோகாரியான் இரிடான்ஸ் என்று பெயரிட்டார். நன்னீர் மீன்களின் வெண்புள்ளியைப் பிரான்ஸ் தேசத்து ஃபூக்கே 1876-இலேயே விவரித்திருந்தார் என்பதை நோக்க, கடலின் ஒட்டுண்ணி அறியப்படுவதற்கு எவ்வளவு தாமதமாயிற்று என்பது விளங்கும். கண்ணாடிக்குள் கடலை அடைக்கும் பழக்கம் பரவும்வரை அதை அறியவேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் நேரவில்லை.

இந்தக் கிரிப்டோகாரியானின் வாழ்க்கை நான்கு கட்டமானது. மீனின் தோலுக்கடியில் புகுந்து, அங்கே 3 முதல் 7 நாள்வரை தின்று பருக்கிறது. வெண்புள்ளியாக நம் கண்ணுக்குத் தெரிவது இதுவே. பின் மீனை விட்டு விழுந்து, சிறிது தூரம் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. புள்ளி மறைந்ததைக் கண்டு, மருந்து பலித்தது என்று வளர்ப்பவர் மகிழ்வது இந்த வேளையில்தான். கூட்டுக்குள் அது இருநூறு வரையிலும் பிளந்து பெருகுகிறது. சில கூடுகள் மூன்று நாளில் வெடிக்கும், சில நான்கு வாரம் கழியும், அபூர்வமாகச் சில இரண்டு மாதத்துக்கு மேலும் உறங்கும். வெளிவரும் நீந்துங் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளுக்குள் மீனைப் பற்றாவிடில் மடிந்துபோகும். தோலுக்கடியிலும் கூட்டுக்குள்ளும் இருக்கும்போது எந்த மருந்தும் அதை எளிதில் தீண்டாது. நீந்தித் திரியும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் அதன் மர்மஸ்தானம்.

அந்த மர்மத்தில் அடித்த முதல் ஆயுதம் நம் சித்த வைத்தியருக்கும் தோட்டத் துரைமாருக்கும் பழக்கமான மயில்துத்தம். சான்பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீனகத்தில் ராபர்ட் டெம்ப்ஸ்டர், செம்பின் உப்பாகிய துத்தத்தை மிகச் சிறிதளவில் கடல்நீரில் கலந்து வெல்வெட் நோயை ஒழித்த விவரத்தை 1955-இல் வெளியிட்டார். காமெக்ஸேனைப் பற்றிச் சாகாவும் சென்னும் எழுதிய அதே ஆண்டு அது. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு நீரில் நிற்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், மிகுந்தால் மீன் சாகும். வாரக்கணக்கில், அடிக்கடி அளந்து, அந்த நிலையைக் காக்க வேண்டும். இதில் இரண்டு இடையூறுகள் உண்டு. பவளப்பூச்சி, இறால், நத்தை முதலான முதுகெலும்பற்ற பிராணிகள் யாவற்றுக்கும் செம்பு காலகூட விஷம். சுண்ணாம்புத் தன்மையுள்ள மணலும் பாறையும் செம்பை உறிஞ்சிக்கொண்டு அளவைக் கெடுக்கும். எனவே காட்சித் தொட்டியில் செம்பை விடுதல் ஆகாது. மணலில்லாத, பாறையில்லாத, மீன் ஒளிந்துகொள்ளப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் மட்டும் கிடக்கும் வெறுந்தொட்டி ஒன்று வேண்டும். தனிக்காவல் தொட்டி என்னும் ஏற்பாடு வளர்ப்போரிடையே நிலைத்ததற்குத் துத்தத்தின் இந்தக் கொடுமையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மருந்தே இல்லாமல் அதே காரியத்தை முடிக்கலாமென்று பின்னர் தெரியவந்தது. செங்கடற்கரையில் உள்ள இஸ்ரேலின் ஏலாத்தில் 1980-களில் ஆராய்ந்த ஆஞ்சலோ கொலோர்னி, ஒட்டுண்ணி எப்போது மீனை விட்டு விழுகிறது, கூடு எத்தனை நாளில் வெடிக்கிறது என்று கணித்தார். விழுவது பெரும்பாலும் இருளில். கூடு மிக விரைந்து வெடிப்பதற்கும் மூன்று நாளாகிறது. ஆகவே மூன்று நாளுக்கொரு முறை மீனை வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்து, இப்படி நான்கு முறை செய்தால், விழுந்த கூடுகளெல்லாம் காய்ந்த தொட்டிகளில் மடிய, மீன் மட்டும் தப்பும். வங்காளத்துக் குளக்காரர் மூங்கில் கழியைப் பிடுங்கி வெயிலில் போட்டதற்கும் இதற்கும் தத்துவத்தில் பேதமில்லை.

பிற மருந்துகள் நம்மிடமிருந்து மீனுக்குப் போனவை. 1898-இல் கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து ரொனால்ட் ராஸ் கண்ட உண்மையின் தொடர்ச்சியாக உலகம் தேடிய மருந்துகளுள் ஒன்றான குளோரோகுவின், இன்று கடல் மீனின் வெல்வெட் நோய்க்கும் வெண்புள்ளிக்கும் இடப்படுகிறது. மனிதர்களின் புழுநோய்க்கும் தரப்படும், 1970-களில் செய்யப்பட்ட பிராசிகுவாண்டல், மீனின் தோலிலும் செவுளிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களை நீக்குகிறது. சவுத்வெல் ஆயுள் முழுதும் பெயரிட்டு வகுத்த நாடாப்புழுக்களும் அதற்குத் தப்புவதில்லை.

தனிக்காவல் என்ற வழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு பழைய இடமுண்டு, அதன் நினைவு இனியதன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகள் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டனர். அதற்கு முன் தூத்துக்குடிக்கருகே தட்டப்பாறையில் அத்தகைய முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய அம்முகாமில், காலராவும் அம்மையும் கடல் தாண்டலாகாதென்று, ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சில நாள் அடைத்துவைத்து, துணிகளை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கான மருந்தைப் பிற்காலத்தில் புகட்டி அனுப்பினார்கள். தோட்டக்காரரின் முதலுக்கு நஷ்டம் வராதபடி செய்த ஏற்பாடு அது. மனிதரை மனிதராக எண்ணிச் செய்ததன்று. ஆயினும் நோய் பரவாதிருக்கக் காலமே காவல் என்ற விதி அங்கே தவறாமல் நடந்தது.

1947-இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1949-இல் தன் தலைமையிடத்தை வைத்துக்கொண்டது அதே மண்டபம் முகாமில். 1971-இல் தலைமையிடம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்து ஆய்வகம் நீடித்தது. கோமாளி மீன்களை அடைப்பில் இனம் பெருக்கும் முறை அங்கும் விழிஞ்ஞத்திலும் தேர்ச்சி பெற்றது. 2010-இல் கடல் விரால் என்னும் கோபியாவை இந்தியாவிலேயே முதன்முறையாக மண்டபத்தில் முட்டையிடச் செய்தார்கள். கடலில் பிடித்த பெரிய மீன்களைத் தாய்மீன் தொட்டிக்குள் விடுமுன் தனித் தொட்டியில் நிறுத்தி, நன்னீர்க் குளியலும் பார்மலின் குளியலும் தந்து ஒட்டுண்ணிகளை உதிர்ப்பது அங்கே முதற்படி. உப்புநீரில் வாழும் தட்டைப்புழு நன்னீரில் சில நிமிஷங்களில் வெளுத்து உதிரும். மீன் அதுவரை தாங்கும். மனிதர்கள் காவலிருந்த ஊரில் மீன்கள் காவலிருப்பதை எந்த நாவலாசிரியர் கற்பித்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்.

காவலைத் தவிர்த்ததன் விலையை வங்காளம் ஒரு தடவை கொடுத்திருக்கிறது. 1987 இறுதியில் இலங்கையிலும், 1988-இல் வங்க தேசத்தையடுத்து நம் கிழக்கு மாகாணங்களிலும் தோன்றிய புண்நோய், விரால் முதல் கெண்டைவரை குளத்து மீன்களைத் தாக்கியது. அதனை விளைத்தது நீர்ப்பூஞ்சை இனத்தை ஒத்த ஒன்று, ஒட்டுண்ணிப் பிராணியன்று. ஆனாலும் அது எல்லைகளைத் தாண்டி வந்த வேகம், நீருயிர்களுக்கு எல்லைக் காவல் எவ்வளவு தளர்ந்திருந்தது என்று காட்டிற்று. கால்நடைகளை இறக்குமதி செய்வதற்கான சட்டம் 1898-ஆம் ஆண்டினது. அதன் கண் ஆடுமாடுகளின் மேலேயே நெடுங்காலம் இருந்தது.

கல்கத்தாவில் அலங்கார மீன் வியாபாரத்தின் மத்திய ஸ்தானம் டாக்குரியாவன்று. வடக்கே பாக்பஜாருக்கு அருகில் ஞாயிறுதோறும் கூடும் கேலிஃப் தெருச் சந்தை. முன்பு ஹாதிபாகானில் கூடிய அந்தச் சந்தையில் புறாவும் கிளியும் செடியும் விற்கும் வரிசைகளுக்கிடையே, ஊதிய பிளாஸ்டிக் பைகளில் மீன்கள் தொங்கும். ஹௌரா, தெற்கு 24 பர்கானா ஜில்லாக்களின் கிராமத்தார் கொல்லைக்குளங்களிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் வளர்த்த நன்னீர் மீன்களே பெரும்பான்மை. வடகிழக்கு மலையாறுகளில் பிடித்த மீன்கள் டம்டம் விமான நிலையம் வழியே அயல்நாடுகளுக்குப் போவதும் இந்நகரத்துக்கு நெடுநாள் வருமானம். கடல் மீன் இங்கே விருந்தாளி; தென்கடலிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பல கைகள் மாறி, பல தொட்டிகளின் நீரில் தோய்ந்து வருகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு நாள் இரண்டு நாள் தங்கும் அம்மீன், எந்தக் கையிலும் ஒட்டுண்ணியின் ஒரு முழுச் சுழற்சி தீருமளவு தங்குவதில்லை. வியாபாரிக்கு நாள் என்பது செலவு. ஆகவே காவலின் பாரம் முழுவதும் கடைசியாக வாங்கும் வீட்டுக்காரரின் தலைமேல் விழுகிறது. இது நியாயமன்று என்றே நான் கருதுகிறேன். 40 ரூபாய் நன்னீர் மீனுக்கு இந்தத் தர்க்கத்தை யாரும் கேட்க மாட்டார்கள். பவளப்பாறையிலிருந்து பிடுங்கிக் கொண்டுவரும் ஒரு ஜீவன் ஒரு வாரத்தில் சாவதென்றால், அதற்கு ஈடாக இன்னொன்று பாறையிலிருந்து பிடுங்கப்படும் என்பதையாவது எண்ண வேண்டும்.

சவுத்வெல்லும் பிரசாத்தும் எழுதிய குறிப்புகள் இந்தியன் மியூசியத்தின் ஏடுகளில் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. மண்டபத்தில் நாள்தோறும் நடக்கும் குளியல் முறையும் விஞ்ஞானிகளின் அறிக்கைகளோடு நின்றுவிடுகிறது. மேற்கு வங்கத்து மீன்துறையும், தமிழ்நாட்டு மீன்துறையும், மண்டபம் நிலையத்தாரும் மனம் வைத்தால், ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்கும் நாள்களையும், மூன்று நாளுக்கொரு முறை தொட்டி மாற்றும் முறையையும், துத்தத்தின் அளவையும், நன்னீர்க் குளியலின் நிமிஷக் கணக்கையும் வங்காளியிலும் தமிழிலும் எட்டே பக்கத்தில் அச்சிட்டு, கேலிஃப் தெருவிலும் சென்னைக் கொளத்தூரிலும் ஒவ்வொரு மீன் கடைக்கும் இலவசமாகக் கொடுத்துவிடலாம். அதைச் செய்யும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.